படித்த துறையும் பிழைக்கும் துறையும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கிய ஆண்டு 1936. பாலிடெக்னிக் 1963இல் வந்தது. பொறியியல் கல்லூரிக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மில்லுக்கும் பொறியியல் கல்லூரிக்கும் நடுவே எழுபத்தேழு வருடம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கல்லூரிதான் முதலில் வந்தது. அதில் படித்தவர்களுக்கான வேலை வேறெங்கோ இருந்தது. ராஜபாளையத்தில் இயந்திரம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஊரே ஆட்களைப் பழக்கியது. பாடத்திட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை வேறு. ஆண்டாள் கோயில், மாவட்ட நீதிமன்றம், தாலுகா அலுவலகம், நெசவு, பால்கோவா என்று அதன் பிழைப்பு வேறு வகையில் அமைந்தது. ஆனால் பொறியியல் கல்லூரி என்று பார்த்தால் அந்தப் பக்கம்தான் முந்திக்கொண்டது. சுயநிதிக் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்த 1984இல், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரி தொடங்கப்பட்டது. 2006இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கோவில்பட்டியில் நேஷனல் ஆகிய கல்லூரிகளும் அதே 1984இல் பிறந்தவை. மானாவாரிக் கரிசல் சீமையில் ஒரே ஆண்டில் மூன்று பொறியியல் கல்லூரிகள்.

மில் முந்திய ஊரையும் கல்லூரி முந்திய ஊரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வாதத்துக்குப் புதிய முகம் கிடைக்கிறது. மெக்கானிக்கல் படித்தவர் ஏன் மென்பொருள் எழுதுகிறார்? சிவில் படித்தவர் ஏன் குரூப் 4 தேர்வு எழுதுகிறார்? இது வீணா, வளர்ச்சியா? இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த பதில்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பலாம்.

வீண் என்பவர்கள் கையில் ஒரு பழைய எண் இருக்கிறது. 2005இல் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர்தான் பன்னாட்டு நிறுவன வேலைக்குத் தகுதியானவர் என்றது. அன்று முதல் மேடைதோறும் இந்த எண் ஒலிக்கிறது. ஆனால் அந்த அறிக்கை அளந்தது பன்னாட்டு நிறுவனங்கள் எதிர்பார்த்த ஆங்கிலமும் நடைமுறைப் பழக்கமும் சேர்ந்த ஒரு தகுதியை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் இழை ஏன் அறுகிறது என்று காதால் கேட்டே சொல்லும் ஒருவரை அது எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. வேலை கொடுப்பவர் வகுத்த அளவுகோலை நாட்டின் அறிவுக்கே அளவுகோலாக எடுத்துக்கொண்டது நம் பத்திரிகைகள் செய்த அவசரம் என்றே நினைக்கிறேன்.

வளர்ச்சி என்பவர்களுக்கு ஆதரவாக வந்தவை வெளிநாட்டு ஆய்வுகள். எரிக் ஹனுஷெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, பல நாடுகளின் தரவுகளை வைத்துத் தொழிற்கல்வியையும் பொதுக்கல்வியையும் ஒப்பிட்டது. தொழிற்கல்வி பெற்றவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது. ஆனால் வயது ஏற ஏற, தொழில்நுட்பம் மாற மாற, அந்த அனுகூலம் கரைந்து போகிறது. டேவிட் டெமிங்கும் கதீம் நோரேயும் 2020இல் அமெரிக்கத் தரவுகளில் இதையே இன்னும் கூர்மையாகக் கண்டார்கள். பொறியியல், கணினி போன்ற பயன்பாட்டுத் துறைகளில் படித்தவர்களின் கூடுதல் சம்பளம், வேலைக்குச் சேர்ந்த முதல் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கற்ற திறன் பழசாகிவிடுவதே காரணம். அப்படியானால் எந்தத் துறையைப் படித்தாலும் பத்து வருடத்தில் மறுபடி படித்தாக வேண்டும். படித்த துறையிலேயே நிற்பதா, மாறுவதா என்ற கேள்வி இங்கே பின்னுக்குப் போகிறது. மறுபடி படிக்க வழி இருக்கிறதா என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

இதை ராஜபாளையம் மில்களில் கண்ணால் பார்க்கலாம். பழைய ரிங் ஃபிரேமில் நூலின் நம்பரை, அதாவது அதன் பருமனை, மாற்ற வேண்டுமென்றால் ஃபிட்டர் பல்சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டுவார். பின் உருளையைவிட முன் உருளை எத்தனை மடங்கு வேகமாகச் சுற்றுகிறதோ அத்தனை மடங்கு பஞ்சு இழை நீள்கிறது. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது அந்தச் சக்கரத்தின் பல் எண்ணிக்கை. முறுக்குக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. நூல் நம்பரின் வர்க்கமூலத்தை முறுக்குக் கெழுவால் பெருக்கினால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று வரும். நாற்பதாம் நம்பர் நூலுக்குக் கெழு 4 என்றால் சுமார் 25 முறுக்கு. பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஃபிட்டர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தார்கள். அதை அவர்கள் கணிதம் என்று சொல்லிக்கொண்டதில்லை, ஊரும் சொல்லவில்லை.

பிறகு மின்னணுவியல் மில்லுக்குள் நுழைந்தது. சுவிட்சர்லாந்தின் உஸ்டர் ஊரில் 1940களின் இறுதியில் உருவான கருவி, இரண்டு தகடுகளுக்கு இடையே நூலை ஓடவிட்டு, மின்தேக்குத் திறனில் வரும் மாற்றத்தைக் கொண்டு நூலின் பருமன் ஏற்ற இறக்கத்தை அளந்தது. கோன் சுற்றும் எந்திரத்தில் பிழையான இடத்தைத் தானே கண்டு வெட்டி ஒட்டும் அமைப்புகள் வந்தன. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர், அடுத்து நிரல்வழி எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி., அடுத்து சர்வோ மோட்டார். நம்பர் மாற்ற இப்போது பல எந்திரங்களில் திரையைத் தொட்டால் போதும். மெக்கானிக்கல் என்று பெயர் போட்டுக்கொண்ட ஃபிட்டர், வேலையை விடாமலே, ஊரை விடாமலே, எலக்ட்ரிக்கல் ஆளாகி, மின்னணு ஆளாகி, பாதி மென்பொருள் ஆளாகவும் ஆகிவிட்டார். துறை மாறியவர்கள் என்றால் நாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்களை மட்டுமே நினைக்கிறோம். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று துறை மாறியவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவருடைய சம்பளச் சீட்டிலும் இந்த மாற்றங்களுக்குச் சுவடு இருப்பதில்லை.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி இன்னொரு வகை. நாட்டின் மருத்துவத் துணி உற்பத்தியில் பெரும் பங்கு சத்திரப்பட்டியையும் சமுசிகாபுரத்தையும் சுற்றியே நடக்கிறது. தறிக்காரர்கள் பேண்டேஜ், காஸ் துணிக்கு மாறியபோது துணியின் இயல்பே மாற வேண்டியிருந்தது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கும். அது இருக்கும்வரை துணி ரத்தத்தையும் நீரையும் உறிஞ்சாது. காரம் சேர்த்து வேகவைத்து மெழுகை நீக்க வேண்டும், பிறகு வெளுக்க வேண்டும், மிச்ச ரசாயனம் தங்காமல் அலச வேண்டும். உறிஞ்சும் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் முங்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி. புண்ணுக்குக் கட்டும் துணி மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. உரிமம் வேண்டும், தகுதி பெற்ற ஆள் வேண்டும், பதிவேடு வேண்டும். பாவு ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அதே ஊரில் தரக் கட்டுப்பாடு பார்க்கலாம் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. வேதியியல் படித்தவனுக்குத் தறி ஊரில் வேலை என்று எந்த வேலைவாய்ப்புக் கையேடும் எழுதாது. எந்தப் படிப்புக்கு எங்கே வேலை என்று படம் வரைந்து காட்டும் வழிகாட்டுக் கூட்டங்கள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வராததற்குச் சத்திரப்பட்டியும் ஒரு காரணம்.

சிவகாசியும் இதே பாடத்தைத்தான் முன்பே சொன்னது. சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு தொழிலைக் கொண்டுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது. லேபிளில் தொடங்கிய அச்சு பின்னர் காலண்டருக்கும் பாடப்புத்தகத்துக்கும் விரிந்தது.

மேல்தளத்திலும் துறை மாற்றம் நடந்திருக்கிறது, அங்கே அது புகழாகவும் ஆகியிருக்கிறது. ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா பஞ்சிலிருந்து சிமென்டுக்கு நகர்ந்தார். மெட்ராஸ் சிமென்ட்ஸ் நிறுவனம் 1957இல் உருவானது. நூலுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் தொழில்நுட்பத்தில் உறவு ஏதுமில்லை. அவர் பேரன் பி.ஆர். வெங்கட்ராம ராஜா படித்தது வேதிப் பொறியியல், பிறகு அமெரிக்காவின் மிச்சிகனில் மேலாண்மை. அவர் கட்டி எழுப்பியது மென்பொருள் நிறுவனம். குடும்பத்தின் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி 1997இல் தனி நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ், ஒரு தொழிற்சாலையின் கணக்கு, கொள்முதல், இருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் மென்பொருளை இந்தியாவிலேயே எழுதியது. பின்னர் விமானப் பராமரிப்புக்கும் பல நாட்டுச் சம்பளப் பட்டியலுக்கும் மென்பொருள் செய்தது. மில்லையும் ஆலையையும் நடத்திப் பார்த்த வீட்டிலிருந்து ஆலை நிர்வாக மென்பொருள் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். முதலாளி வீட்டில் துறை மாறினால் அது தொலைநோக்கு; தொழிலாளி வீட்டில் மாறினால் படிப்பு வீண்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எதிர்பாராத பாதை என்பது பெரும்பாலும் அரசு வேலை. நீதிமன்றமும் அலுவலகங்களும் நிறைந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு எழுத்தர், வருவாய் ஆய்வாளர், உதவி ஆய்வாளர் எல்லாம் கண்முன் நடமாடும் மனிதர்கள். வடிவமைப்புப் பொறியாளர் அப்படி இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்றாலும் பி.இ. முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக எழுதுகிறார்கள். இதைக் கேலி செய்வது எளிது. பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கி, குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்து, மாநிலத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியபோது, ஏராளமான வீடுகளில் முதல் பட்டம் பொறியியல் பட்டமாகவே அமைந்தது. அந்த வீடுகளுக்கு பி.இ. என்பது ஒரு தொழிலுக்கான பயிற்சி என்பதைவிடப் படிப்பு என்பதன் பொதுப் பெயர். முந்தைய தலைமுறையில் பி.ஏ. செய்த வேலையை இந்தத் தலைமுறையில் பி.இ. செய்கிறது. பி.ஏ. வரலாறு படித்தவர் தாசில்தார் ஆனபோது யாரும் வரலாறு வீணாயிற்று என்று அழவில்லையே.

பால்கோவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். அடுப்பில் நெருப்பின் சீர், பாலின் கொழுப்பு, கெடாமல் நிற்கும் நாட்கள் எல்லாமே உணவுத் தொழில்நுட்பம் பேச வேண்டிய விஷயங்கள். அந்த அறிவு இன்னும் கடாய் அருகே நிற்பவர் கையிலேயே இருக்கிறது.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான். துறை மாறுவது இந்த வட்டாரத்தில் புதிதுமல்ல, குறையுமல்ல. அந்த மாற்றம் கூலியாகவும் பதவியாகவும் பலிப்பது பி.இ. என்ற சீட்டு வைத்திருப்பவருக்கு மட்டும் என்பதே குறை. மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வில் எந்தப் பிரிவு என்று பெரும்பாலும் கேட்பதில்லை. மெக்கானிக்கல், டெக்ஸ்டைல், சிவில் எல்லோரையும் எடுத்துச் சில மாதம் பயிற்சி கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் நான்கு வருடப் பாடத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது பாடம் அல்ல. அதே சில மாதப் பயிற்சியை ஐ.டி.ஐ. முடித்து, மில்லில் பத்து வருடம் பி.எல்.சி. பார்த்த ஒருவருக்குக் கொடுத்தால் கற்கமாட்டாரா? அவர் வரிசையில் நிற்கவே அனுமதி இல்லை.

முன்பு ஒரு வழி இருந்தது. இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. 1920இல் தொடங்கிய கழகம் அது. டிப்ளமோ படித்து வேலைக்குப் போனவர்கள் ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு தாங்களே படித்து, ஏ பிரிவு, பி பிரிவு என்று ஒவ்வொரு தாளாகத் தேறினால், அது பொறியியல் பட்டத்துக்கு இணை. தேறுவது கடினம், பல வருடம் இழுக்கும். ஆனால் கட்டணம் குறைவு, வேலையை விட வேண்டியதில்லை. மில் ஊர்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் மின்வாரியத்திலும் அதை நம்பிப் படித்தவர்கள் ஏராளம். 2013 மே 31க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அந்த இணைத் தகுதி கிடையாது என்று மத்திய அரசு நிறுத்திவிட்டது. தொலைதூர வழியில் பொறியியல் பட்டம் கொடுத்த சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கதை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. உரிய அனுமதியின்றி நடந்த அந்தப் படிப்புகளின் பட்டங்கள் செல்லாது, அல்லது மறுதேர்வு எழுத வேண்டும் என்றது தீர்ப்பு. அந்த வழக்கில் சிக்கிய நான்கு நிறுவனங்களில் ஒன்று சேலத்தைச் சேர்ந்தது. தீர்ப்பில் தவறில்லை; ஆய்வகம் பார்க்காமல் பொறியியல் பட்டம் கொடுப்பது மோசடிக்குத்தான் இடம் கொடுக்கும். ஆனால் கள்ள வாசலை அடைத்த அதே சில வருடங்களுக்குள் நல்ல வாசலும் அடைபட்டது.

மிச்சமிருப்பது ஏணிப்படி வழி. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ., அங்கிருந்து நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு வருடம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருடம். மொத்தம் ஏழு. பிளஸ் டூ வழியில் போனால் ஆறு. ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் கைத்திறனும் பட்டமும் சேர்ந்து கிடைக்கும் இந்த வழியை ஊர் ஏன் மதிப்பதில்லை? மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கான வழி என்று அதற்கு முத்திரை குத்தியாகிவிட்டது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டத்தில் இந்த முத்திரை இன்னும் அழுத்தமானது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து வீடே பதறும். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்து அங்கிருந்து ஏறியவர் என்ற செய்தி 2023 ஆகஸ்டில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடியது. பதற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். மில்லுக்குள் ஒரு படிவரிசை உண்டு: டாஃபர், சைடர், ஃபிட்டர், மேஸ்திரி. ரிங் ஃபிரேம் முன்னால் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு நடப்பவர்களில் பெண்கள் நிறைய. இரவு வேலைக்குப் பெண்களை அனுமதிக்காத தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கிய பிறகு மூன்று ஷிப்டிலும் அவர்கள் வந்தார்கள். ஆனால் பராமரிப்புப் பிரிவில், கையில் ஸ்பேனரோடு, பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். இழை அறுவதை முதலில் காண்பவர் அவர். எந்திரத்தைத் திறந்து பார்க்கும் உரிமை வேறொருவருக்கு. துறை மாற்றம் பற்றிய எந்த ஆய்வும் இந்த இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தொடங்குவதென்னவோ வளாகத் தேர்வில்.

புதிய வாசல்கள் சில திறந்திருக்கின்றன. பட்டமில்லாதவர்களை எடுத்துப் பழக்கும் முறையை மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2005 வாக்கிலேயே சென்னையில் தொடங்கி, பின்னர் தென்காசிக்கும் கொண்டுவந்தது. தென்காசி ராஜபாளையத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரம். பிளஸ் டூ முடித்தவரை எடுத்து, வேலையும் பட்டமும் ஒன்றாகத் தரும் எச்.சி.எல். மென்பொருள் நிறுவனத்தின் டெக்பீ திட்டம் மதுரை வரை வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். இவற்றில் மூன்றாவதையே நான் உயர்த்திச் சொல்வேன். முதலிரண்டும் ஒரு நிறுவனத்தின் தேவைக்கு ஏற்ப விரியும், சுருங்கும். மூன்றாவது யாரிடமும் கைகட்டி நிற்காத சீட்டு. ஆனால் மூன்றுமே கணினியை நோக்கியவை. தறியும் நூலும் சிமென்டும் தெரிந்தவருக்கு அவர் தொழிலிலேயே மேலே ஏற இவை படி அமைப்பதில்லை.

அந்த வேலையைச் செய்யக்கூடியது, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) 2023–24இல் அறிமுகப்படுத்திய, வேலையில் இருப்பவர்களுக்கான பொறியியல் படிப்பு. டிப்ளமோவும் குறைந்தது ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும். வேலைபார்க்கும் இடம் கல்லூரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். இங்குள்ள கல்லூரிகளை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் ராஜபாளையம் மில்கள், சத்திரப்பட்டித் தறிகள், சிவகாசி அச்சகங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். வகுப்பு நேரத்தையும் கல்லூரியே வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். சிக்கல் மில்லின் கடிகாரத்தில் இருக்கிறது. பகல், மாலை, இரவு என்று ஷிப்ட் சுழலும் ஆளுக்கு, மாலை ஆறு மணி வகுப்பு என்றால் மாலை ஷிப்ட் விழும் வாரமெல்லாம் வகுப்பு போய்விடும். ஒன்று, படிக்கிறவரை மூன்று வருடம் பகல் ஷிப்டிலேயே நிறுத்த மில் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் கல்லூரி ஒரே பாடத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று இரண்டு தடவை நடத்த வேண்டும். ஆசிரியர் சம்பளம் கூடும், சேருகிறவர் எண்ணிக்கை அதற்குக் கட்டுப்படியாகாது. அந்தக் கூடுதல் செலவை மில் ஏற்குமா, கல்லூரி ஏற்குமா, அரசு ஏற்குமா என்பதை மூவரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.